லாஹூத்தும் நாஸூத்தும்: மூன்று பிரிவுகள், ஒரு மாணவரின் கேள்வி

இமாம் ஷஹ்ரஸ்தானீ (ரஹ்) அவர்களின் 'அல் மிலல் வந்நிஹல்' நூலை வகுப்பில் நடத்தும்போது, கிறித்தவர்களைப் பற்றிய பகுதி வந்ததும் மாணவர்கள் மூன்று பெயர்களை மனனம் செய்துகொள்வது வழக்கம்: மல்கானிய்யா, நஸ்தூரிய்யா, யஃகூபிய்யா. தேர்வுக்கு அது போதும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், எங்கள் தெருக்கோடியில் உள்ள மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் இந்த மூன்றில் எந்தப் பிரிவு?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அந்தப் பாடத்தைப் பல முறை நடத்தியிருந்தும் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அடுத்த வாரம் சொல்கிறோம் என்று கூறிப் பாடத்தை முடித்தோம். அந்த விடையைத் தேடப் புகுந்தபோது நாம் கற்றவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர், மர்யம் (அலை) அவர்களின் மைந்தர் என்பது நமது அகீதா. அதில் விவாதத்திற்கு இடமில்லை. இங்கே நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறொன்று. இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் ஒருவரிடத்தில் ஒன்றிணைந்தன என்று கிறித்தவர்கள் கூறுகிறார்களே, அதை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டார்கள்? அந்த விளக்கத்தில் ஏன் பிரிந்தார்கள்? நம் முன்னோர் அதனை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள்?

கேள்வி பிறந்த வரலாறு

கி.பி. 325இல் பேரரசர் கான்ஸ்டண்டைன் கூட்டிய நீசேயா பொதுச்சங்கம், அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குருவின் கொள்கையை நிராகரித்தது. 'மகன்' படைக்கப்பட்டவர் என்றார் ஆரியுஸ். அவர் தந்தையுடன் ஒரே உள்பொருள் உடையவர் என்று சங்கம் முடிவு செய்தது. 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் அதனை உறுதிப்படுத்தியது. ஆனால் ஒரு கேள்விக்குச் சொன்ன விடை அதைவிடக் கடினமான மற்றொரு கேள்வியை ஈன்றெடுத்தது. 'வார்த்தை' என்று அவர்கள் கூறும் அந்த இறைத்தன்மை என்றென்றும் இருப்பது என்றால், பசித்த, களைத்த, அழுத ஒரு மனிதரோடு அது எவ்வாறு இணைந்தது?

இக்கேள்விக்கு இரு நகரங்கள் இரு வேறு போக்கில் விடை தேடின. சிரியாவின் அந்தியோக்கியாவைச் சார்ந்த அறிஞர்கள் இரு தன்மைகளையும் வேறுபடுத்திக் காட்டுவதில் அக்கறை கொண்டனர்; இறைத்தன்மைக்குத் துன்பமும் மரணமும் நேர்ந்தன என்று சொல்லும்படி ஆகிவிடுமே என்பது அவர்களது அச்சம். எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சார்ந்தவர்கள் ஒருமையை வலியுறுத்தினர். இரண்டாகப் பிரித்துவிட்டால் மனிதகுலத்தின் மீட்பு என்று தாம் நம்புவது பொருளற்றுப் போய்விடுமே என்பது இவர்களது அச்சம். இருவர் அச்சத்திற்கும் அவரவர் நோக்கில் காரணம் இருந்தது என்பதை மறந்தால் பின்னர் நடந்தவை வெறும் பதவிச் சண்டையாகவே தோன்றும். பதவிச் சண்டையும் இருந்தது. ஆனால் அது மட்டுமே அல்ல.

428இல் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைக் குருவான நெஸ்தோரியுஸ் அந்தியோக்கிய மரபில் வந்தவர். மர்யம் (அலை) அவர்களை 'இறைவனைப் பெற்றவர்' என்று மக்கள் அழைப்பதை அவர் ஏற்கவில்லை. 'கிறிஸ்துவைப் பெற்றவர்' என்பதே பொருந்தும் என்றார். அலெக்சாந்திரியாவின் தலைவர் சிரில் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 431இல் எபேசு நகரில் சங்கம் கூடியபோது, அந்தியோக்கியாவிலிருந்து வர வேண்டியவர்கள் வந்து சேருமுன்பே சிரில் கூட்டத்தைத் தொடங்கி நெஸ்தோரியுஸைப் பதவிநீக்கம் செய்துவிட்டார். தாமதமாக வந்தவர்கள் தனியே கூடிச் சிரிலைப் பதவிநீக்கம் செய்தனர்! இறுதியில் சிரில் தப்பினார். நெஸ்தோரியுஸ் நாடுகடத்தப்பட்டு எகிப்தின் பாலைவனச் சோலை ஒன்றில் முடங்கினார். 435இல் பேரரசர் இரண்டாம் தியோடோசியுஸ் அவருடைய நூல்களை எரிக்குமாறு ஆணையிட்டார். இந்த ஆணையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

451இல் கால்செதோன் சங்கம் ஒரு நடுவழியை வகுத்தது. கிறிஸ்து ஒரே ஆள். அவரிடத்தில் இரு தன்மைகள் கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் உள்ளன என்பது அதன் முடிவு. பேரரசும் ரோமாபுரியும் இதனை ஏற்றன. எகிப்தியரும் சிரியர் பலரும் ஏற்கவில்லை. 'இரு தன்மைகளிலிருந்து' என்பதே சரி, 'இரு தன்மைகளில்' என்பது பிளவு என்றனர் அவர்கள். ஒரு வேற்றுமை உருபு ஒரு பேரரசின் குடிமக்களை இரண்டாக்கியது.

மூன்று பெயர்கள், மூன்று விடைகள்

நம் நூல்களில் வரும் மூன்று பெயர்களும் இங்கிருந்து பிறந்தவையே.

மல்கானிய்யா என்போர் கால்செதோன் முடிவை ஏற்றவர்கள். சுரியானி மொழியில் 'மல்கா' என்றால் அரசர். அரசரின் சமயத்தைப் பின்பற்றியோர் என்ற பொருளில் எதிர்த்தரப்பார் இட்ட பெயர் இது. ஓர் உக்னூம், இரு தன்மைகள் என்பது இவர்களது கூற்று.

யஃகூபிய்யா என்போர் கால்செதோனை மறுத்தவர்கள். ஆறாம் நூற்றாண்டில் பேரரசின் அடக்குமுறையால் இவர்களது குருமார் அமைப்பு அழியும் நிலைக்கு வந்தபோது, கஸ்ஸானிய அரபுத் தலைவர் ஹாரிஸ் இப்னு ஜபலா பேரரசி தியோடோராவிடம் பரிந்து பேசினார். அதன் பயனாக ஆயராக நியமனம் பெற்ற யஃகூப் அல் பரதஈ, கந்தலாடை உடுத்தி ஊர் ஊராகச் சுற்றி மறைவில் குருமாரை நியமித்தார். 578இல் மறைந்த அவருடைய பெயரே அவர்களுக்கு நிலைத்தது. இரு தன்மைகளிலிருந்து ஆன ஒரே தன்மை என்பது இவர்களது கூற்று. எகிப்தின் கிப்தியரும் அபிசீனியரும் கொள்கையில் இவர்களோடு சேர்ந்தவர்கள்.

நஸ்தூரிய்யா எனப்பட்டோர் பாரசீகப் பேரரசில் வாழ்ந்த கீழைச் சபையினர். இந்தச் சபையை நெஸ்தோரியுஸ் நிறுவவில்லை. அவருக்கு முன்பே அது இருந்தது. அந்தியோக்கிய மரபைப் பின்பற்றியதாலும், அவரைக் கண்டிக்க மறுத்ததாலும் அவர் பெயரால் பிறர் அழைத்தனர். இரு தன்மைகள், இரு 'க்னோமா'க்கள், ஆயினும் ஒரே மகன் என்பது இவர்களது கூற்று.

இந்த 'க்னோமா' என்ற சுரியானிச் சொல்லே அரபியில் 'உக்னூம்' ஆயிற்று. கிரேக்கர் தம் மொழியில் 'ஆள்' என்ற பொருளில் பயன்படுத்திய சொல்லுக்குச் சுரியானியில் இதனை இணையாக வைத்தனர். ஆனால் கீழைச் சபையினருக்கு 'க்னோமா' என்றால் ஒரு பொதுத் தன்மை தனித்து நிற்கும் வடிவம்; தனி ஆள் அல்ல. ஆகவே 'இரு க்னோமா' என்று இவர்கள் சொன்னதைக் கேட்ட மற்றவர்கள், 'இரு ஆட்கள்' என்கிறார்கள் எனக் கொதித்தனர். சண்டையின் ஒரு பகுதி கொள்கையில் இருந்தது. ஒரு பகுதி அகராதியில் இருந்தது.

நபியவர்கள் காலத்தில்

இஸ்லாத்தின் தொடக்க நாட்களிலேயே இம்மக்களோடு தொடர்பு ஏற்பட்டுவிட்டது. கி.பி. 615 அளவில் முதல் ஹிஜ்ரத் சென்ற தோழர்களுக்கு அடைக்கலம் தந்த அபிசீனியா, ஒரே தன்மைக் கொள்கையுடைய நாடு. அந்நாட்டுச் சபை தன்னைத் 'தவாஹிதோ' என்று அழைத்துக்கொள்கிறது. 'ஒன்றாக்கப்பட்டது' என்பது பொருள். நாம் 'தவ்ஹீத்' என்று சொல்லும் சொல்லின் வேரும் இச்சொல்லின் வேரும் ஒன்றே. ஒரே வேரிலிருந்து பிறந்த இரு சொற்களில், ஒன்று இறைவன் ஒருவன் என்கிறது. மற்றது இரு தன்மைகள் ஒன்றாயின என்கிறது. அந்த அவையில்தான் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் சூரா மர்யமின் தொடக்கத்தை ஓதிக்காட்டினார்கள்.

மதீனாவுக்கு வந்த நஜ்ரான் தூதுக்குழுவில் அறுபது பேர் இருந்ததாக இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். அக்குழுவினரிடையே ஈஸா (அலை) அவர்களைப் பற்றி ஒரே கருத்து இருக்கவில்லை என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். சூரா ஆலு இம்ரானின் தொடக்கப் பகுதி இச்சந்திப்பையொட்டி அருளப்பட்டது என்பது ஸீராவில் வரும் செய்தி.

எகிப்தை அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) வென்றபோது, கிப்தியரின் தலைவர் பின்யாமீன் பேரரசின் கெடுபிடிக்கு அஞ்சிப் பல்லாண்டுகளாகத் தலைமறைவாக இருந்தார். அம்ர் (ரலி) அவருக்குப் பாதுகாப்பு அளித்து வரவழைத்தார். மூன்று பிரிவினரும் முதன்முறையாக, தங்களில் எவருடைய கொள்கையையும் சாராத ஓர் ஆட்சியின் கீழ் ஒருசேர வாழும் நிலை உருவானது. மூவரும் படிப்படியாக அரபியில் பேசவும் எழுதவும் தொடங்கினர். லாஹூத், நாஸூத், இத்திஹாத், ஹுலூல் ஆகிய சொற்கள் அரபு விவாத மேடைக்கு வந்தன. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மல்கானியரான தியோடோர் அபூ குர்ரா, யஃகூபியரான அபூ ராயிதா, நஸ்தூரியரான அம்மார் அல் பஸ்ரீ ஆகிய மூவரும் தத்தம் கொள்கையை அரபியிலேயே எழுதினர்.

அதற்கு முன்பே, கி.பி. 781 அளவில், கலீஃபா மஹ்தீ அவர்கள் கீழைச் சபையின் தலைவர் தீமோத்தேயுவை அழைத்து நேரில் வினாத் தொடுத்தார். இரு தன்மைகள் எவ்வாறு ஒன்றாக முடியும் என்று கலீஃபா கேட்டபோது, தீமோத்தேயு கலீஃபாவின் கடிதத்தையே உவமையாக எடுத்தார்: எழுதிய சொற்களும் எழுதப்பட்ட தாளும் வேறு வேறு, ஆயினும் கடிதம் ஒன்றுதான். கலீஃபா அந்த விடையில் நிறைவடையவில்லை. மேலும் மேலும் கேட்டார். இச்செய்தி நமக்குக் கிடைப்பது தீமோத்தேயு சுரியானியில் எழுதிய மடலிலிருந்து. எனவே அவர் தம் விடைகளைச் சற்று மெருகேற்றியிருக்கலாம். ஆனால் கலீஃபாவின் கேள்விகளின் கூர்மையை அவர் மறைக்கவில்லை.

எரித்தவர்களும் படியெடுத்தவர்களும்

மக்கள் வாயிலாகக் கேட்டு இக்கொள்கையை அறிவது எளிதாக இருக்கவில்லை. ஒரு நஸ்தூரியரிடம் கேட்டால் ஒன்று சொல்கிறார். அதே தாய் தந்தைக்குப் பிறந்த அவருடைய சகோதரரிடம் கேட்டால் வேறொன்று சொல்கிறார் என்று ஜாஹிள் (இறப்பு 869) தமக்கே உரிய நையாண்டியோடு எழுதினார்.

ஜாஹிளின் காலத்தவரான அபூ ஈஸா அல் வர்ராக் இந்தச் சிரமத்தை வேறு வகையில் எதிர்கொண்டார். கிறித்தவர்களின் மூன்று பிரிவுகளுக்கும் மறுப்பாக அவர் எழுதிய நூல், மறுப்புக்கு முன்னால் ஒவ்வொரு பிரிவின் கூற்றையும் தனித்தனியே எடுத்துரைக்கிறது. ஒரு பிரிவில் சிலர் மட்டும் சொல்வதை அப்பிரிவு முழுவதன் மீதும் அவர் ஏற்றவில்லை. இணைவு என்பதைச் சிலர் கலத்தல் என்கின்றனர்; சிலர் குடியிருத்தல் என்கின்றனர்; சிலர் ஆடையைப் போல அணிதல் என்கின்றனர்; சிலர் களிமண்ணில் முத்திரை பதிவது போல என்கின்றனர்; சிலர் கண்ணாடியில் முகம் தெரிவது போல என்கின்றனர். இப்படி வரிசைப்படுத்திவிட்டே அவர் வினாக்களைத் தொடங்குகிறார். ஒன்றிணைதல் என்ற செயலைச் செய்தது மூன்று உக்னூம்களுமா, 'வார்த்தை' மட்டுமா? மூன்றும் என்றால், இணைந்தது ஒன்று மட்டும் என்பது எப்படி? ஒன்று மட்டும் என்றால், மற்ற இரண்டும் செய்யாத ஒன்றை அது செய்திருக்கிறது; பின்பு மூன்றும் ஒன்றே என்பது எப்படி? மர்யம் (அலை) பெற்றெடுத்தது யாரை? நீங்கள் சிலுவையில் அறையப்பட்டவர் என்று கூறுவது எந்தத் தன்மையை? இந்த வினாக்களை மூன்று பிரிவினரிடமும் ஒரே முறையில் அவர் கேட்கவில்லை. ஒவ்வொருவரிடமும் அவரவர் கூற்றை முன்வைத்தே கேட்கிறார்.

வர்ராக்கின் சொந்தக் கொள்கையைப் பற்றி நம் அறிஞர்களுக்கே கடும் ஐயங்கள் இருந்தன. ஸிந்தீக் என்ற குற்றச்சாட்டும் அவர் மீது உண்டு. அவரை நாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. அந்த நூலுக்கு நேர்ந்த வரலாற்றையே சொல்ல வருகிறோம். அதன் தனிப்படி எதுவும் இன்று இல்லை. ஆயினும் நூல் நம் கையில் இருக்கிறது. காரணம், அதற்கு மறுப்பு எழுதிய ஒரு யஃகூபியக் கிறித்தவர்.

அவர் யஹ்யா இப்னு அதீ. 893இல் தக்ரீத்தில் பிறந்து 974இல் பக்தாதில் இறந்தவர். தத்துவ மேதை ஃபாராபீயின் மாணவர். நூல்களைப் படியெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர். இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் தஃப்ஸீரைத் தம் கையால் இருமுறை முழுமையாகப் படியெடுத்ததாக அவரே சொன்னதை இப்னுந் நதீம் பதிவு செய்திருக்கிறார். தம் சமயத்தைத் தாக்கிய வர்ராக்கின் நூலுக்கு அவர் விடை எழுதியபோது, ஒவ்வொரு பத்தியையும் முழுமையாக எடுத்தெழுதி அதன் கீழே தம் மறுமொழியை அமைத்தார். பாதகமான பகுதியை அவர் விட்டுவிடவில்லை. எதிராளியின் நூல் எதிராளியின் கையாலேயே ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்தது.

இதனை நெஸ்தோரியுஸுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன. அவர் என்ன சொன்னார் என்பதை உலகம் பெரும்பாலும் அவருடைய எதிரிகளின் வாயிலாகவே கேட்டுவந்தது. நாடுகடத்தப்பட்ட நிலையில் அவர் எழுதிய தற்காப்பு நூல் ஒன்றின் சுரியானி மொழிபெயர்ப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர்களின் கைக்கு எட்டி, 1910இல் அச்சேறியது. அவர் எதை மறுத்தார், எதை மறுக்கவில்லை என்பதை அதன் பின்னரே அவர் சொற்களில் படிக்க முடிந்தது. 1994 நவம்பர் 11ஆம் நாள் ரோமில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலும் கீழைச் சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். மர்யம் (அலை) அவர்களை இரு சபைகளும் அழைக்கும் இரு வேறு முறைகளும் ஒரே நம்பிக்கையையே வெளியிடுகின்றன என்று அதில் ஒப்புக்கொண்டனர். எந்தச் சொல்லுக்காக ஒரு மனிதர் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டாரோ, அந்தச் சொல்லைப் பற்றிய உடன்பாடு வர 1563 ஆண்டுகள் ஆயின.

நம் பக்கத்துப் பிழை

நம் பக்கத்திலும் பிழை இல்லாமல் இல்லை. ஷஹ்ரஸ்தானீ (ரஹ்) 1127 அளவில் தம் நூலை எழுதினார். மூன்று பிரிவுகளின் கொள்கைகளை அவர் சுருக்கித் தந்திருக்கும் திறம் போற்றுதலுக்குரியது. ஆனால் நஸ்தூர் என்பவர் கலீஃபா மஃமூன் காலத்தில் தோன்றியவர் என்றும், மல்கானிய்யா என்பது 'மல்கா' என்ற ஒரு மனிதரின் பெயரால் வந்தது என்றும் அதில் காணப்படுகிறது. மஃமூனின் ஆட்சி 813 முதல் 833 வரை. நெஸ்தோரியுஸ் அதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முந்தியவர். ஷஹ்ரஸ்தானீக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, 1000 அளவில், அல்பீரூனீ தம் 'அல் ஆஸாருல் பாகியா'வில் மல்கானியர் அரசரின் கொள்கையைச் சார்ந்தவர்கள் என்பதால் அப்பெயர் பெற்றனர் என்று சரியாகவே எழுதியிருந்தார். கிறித்தவர்களின் நோன்பு, பண்டிகை நாட்களைக் கூட அவர் பிரிவுவாரியாகக் கணக்கிட்டுத் தந்திருக்கிறார்.

முதலில் எழுதியவர்கள் மனிதர்களிடம் கேட்டார்கள். பின்னால் வந்தவர்கள் நூல்களைப் பார்த்து எழுதினார்கள். அதற்கும் பின்னால் வந்த நாம் மூன்று பெயர்களை மனனம் செய்கிறோம். மனிதர்கள் மறைந்து பெயர்கள் மட்டும் எஞ்சின. இமாமைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. பெரியோரின் நூலிலும் சரிபார்க்க வேண்டிய இடம் உண்டு என்பதை அவர்களே நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். பிறர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதுவது, நாம் மறுக்கும் கொள்கையைப் பற்றியதாயினும், அமானிதத்தில் குறைவே.

கொல்லத்துச் சாட்சிகள்

மாணவருக்கு அடுத்த வாரம் நாம் சொன்ன விடை இது: உங்கள் தெருக்கோடி மாதா கோயில் கத்தோலிக்கர்களுடையது, கத்தோலிக்கர்களும், தென்னிந்தியத் திருச்சபையினரும், லுத்தரன் சபையினரும் இணைவைப் பற்றிய கொள்கையில் கால்செதோன் முடிவை ஏற்றவர்கள், நம் நூல்களின் வகைப்பாட்டில் மல்கானியரின் கூற்று அவர்களுடையது. யஃகூபியரைக் காண விரும்பினால் கேரளத்துக்குச் செல்லுங்கள். அங்கே 'யாக்கோபாய' என்ற பெயரிலேயே இருக்கிறார்கள். நம் நூல்கள் நஸ்தூரியர் என்று அழைக்கும் கீழைச் சபையின் ஒரு பிரிவு திருச்சூரில் உள்ளது. அவர்கள் தங்களைக் கல்தாய சுரியானி சபை என்று அழைத்துக்கொள்கிறார்கள், நாமும் அவ்வாறே அழைப்பது முறை.

மாணவர், "அப்படியானால் மூன்று பேரும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்களா!" என்று வியந்தார். இன்று மட்டுமல்ல என்று கூறித் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளைப் பற்றிச் சொன்னோம். கி.பி. 849 அளவில், சேர மன்னர் தாணு இரவியின் ஆட்சியில், வேணாட்டுத் தலைவர் அய்யனடிகள் கொல்லத்தில் இருந்த ஒரு கிறித்தவப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய சாசனம் அது. வட்டெழுத்தில் அமைந்த அந்தச் சாசனத்தின் இறுதியில் சாட்சிகளின் ஒப்பங்கள் உள்ளன. சில பஹ்லவி எழுத்தில் இருக்கின்றன. சில யூதர்களின் எபிரேய எழுத்தில் இருக்கின்றன. சில கூஃபி எழுத்தில், அரபு மொழியில் இருக்கின்றன. கொல்லத்துக்கு வணிகம் செய்ய வந்த முஸ்லிம்கள், கீழைச் சபை மரபைச் சார்ந்த ஒரு பள்ளியின் உரிமைக்குச் சாட்சியாக நின்று கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

பக்தாதில் வர்ராக் மூன்று பிரிவினருக்கும் மறுப்பு எழுதிய காலமும் ஏறத்தாழ இதுவே. அங்கே மறுத்தவர் எதிராளியின் கூற்றை முதலில் சரியாக எழுதிவிட்டு மறுத்தார். இங்கே சாட்சி சொன்னவர்கள் தாம் ஏற்காத ஒரு பள்ளியின் உரிமையை உள்ளது உள்ளபடி உறுதிசெய்தார்கள். கொள்கையில் விட்டுக்கொடுத்தவர் எவரும் இல்லை. சாட்சியத்தில் குறைவைத்தவரும் இல்லை.

அந்த ஆண்டு முதல் நாம் அந்தப் பாடத்தை நடத்தும்போது மூன்று பெயர்களோடு மூன்று ஊர்களையும் எழுதிப்போடுகிறோம்.